வளையும்... ஆனா வளையாது!

எங்கள் ஆபீஸில் காலை பத்து மணிக்கு வரவேண்டும் என்பது சட்டம். பத்து பத்துக்கு மேல் வந்தால் லேட் மார்க். இதில் எது நிஜமான சட்டம் என்று நினைக்கிறீர்கள்? ஒன்பது ஐம்பத்தைந்துக்கு வந்து பாருங்கள், ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். பத்து ஒன்பதுக்கு லிஃப்டில் மூச்சுவிட இடம் இருக்காது. ஆபீஸ் நேரம் பத்து பத்து என்பது வாசலில் டீ விற்கிறவருக்குக்கூடத் தெரியும். (அவசரப்பட்டு என்னைத் திட்டாதீர்கள். நான் பத்து எட்டு!)

உலகத்தின் படு கெட்டிக்கார இன்ஜினீயர்கள் சிலர், ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தில் ஐம்பது வருஷத்துக்கும் மேலாக இந்தப் பத்து ஒன்பது வேலையைத்தான் செய்து வருகிறார்கள். நாம் நிமிஷத்தில் செய்வதை அவர்கள் மில்லிமீட்டரில் செய்கிறார்கள், அவ்வளவுதான். விஷயம், இறக்கை.

பந்தயக் காருக்கு எதற்கய்யா இறக்கை, பறக்கவா? இல்லை, பறக்காமல் இருக்க. பஸ் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்திருப்பீர்கள், கண்டக்டர் பார்க்காத நேரமாக. விரல் நுனியை லேசாகத் தூக்கினால் கை ஜிவ்வென்று மேலே போகும். கொஞ்சம் கீழே சாய்த்தால் அமுங்கும். விமானம் முதல் ரகம், ஃபார்முலா ஒன் கார் இரண்டாவது ரகம். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று தலைகீழ் இறக்கைகள். காற்று காரைத் தரையோடு அழுத்துகிறது, டயர் ரோட்டைக் கவ்விக்கொள்கிறது. நீங்களும் நானும் பயந்து பிரேக்கை மிதிக்கிற வளைவில் அவன் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல் போகிறான். காரின் எடை சுமார் 800 கிலோ. முழு வேகத்தில் காற்று அதைவிட அதிகமாகவே அழுத்தும்.

ஓஸியில் எதுவும் கிடைப்பதில்லையே! கீழே அழுத்துகிற இறக்கை பின்னாலும் பிடித்து இழுக்கும். வளைவில் வரம், நேர் ரோட்டில் சாபம். அதிலும் காற்றின் கணக்கு கந்துவட்டிக் கணக்கு. வேகம் மூன்று மடங்கு ஆனால் அழுத்தமும் இழுப்பும் ஒன்பது மடங்கு ஆகும். எனவே இன்ஜினீயர்கள் இரவில் காணும் கனவு இதுதான்: வளைவில் நிமிர்ந்து நிற்க வேண்டும், நேர் ரோட்டில் தானாகச் சாய்ந்துகொள்ள வேண்டும், மறுபடி வளைவு வந்தால் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நிமிர்ந்துகொள்ள வேண்டும். யாரும் பட்டனை அமுக்க வேண்டாம். காற்றே வந்து அமுக்கட்டும்.

சட்டம் என்ன சொல்லியது? காற்றோட்டத்தைப் பாதிக்கிற எந்தப் பாகமும் காரின் உடம்போடு இறுகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். அசையக்கூடாது. துளிக்கூட.

இது ஏதோ ஒரு கமிட்டி காபி குடித்துக்கொண்டே எழுதிய சட்டம் இல்லை. இதற்குப் பின்னால் ரத்தம் இருக்கிறது.

1966-ல் அமெரிக்காவில் ஜிம் ஹால் என்கிற டெக்ஸாஸ்காரர் 'சாப்பரல்' என்ற பந்தயக் காரில் ஓர் ஆள் உயரத்தில் இறக்கையை நிறுத்தினார். அந்தக் காரில் கிளட்ச் பெடல் கிடையாது. இடது கால் சும்மாதானே இருக்கிறது என்று அதற்கு ஒரு பெடல் கொடுத்தார். மிதித்தால் இறக்கை படுத்துக்கொள்ளும், காலை எடுத்தால் நிமிரும். இரண்டே வருஷத்தில் ஃபார்முலா ஒன்னிலும் இந்த ஜுரம் பரவியது. ஒல்லிக் குச்சிகளின் மேல், கல்யாணப் பந்தல் மாதிரி, டிரைவரின் தலைக்கு மேலே இறக்கைகள். அந்தக் குச்சிகளை காரின் உடம்பில்கூட நடவில்லை, நேராகச் சக்கரத்தின் சஸ்பென்ஷனில் நட்டார்கள். அழுத்தம் டயருக்கு நேரே போகும் என்று கணக்கு. ரோட்டில் ஒவ்வொரு மேடும் பள்ளமும் அந்தக் குச்சியைப் போட்டு உலுக்கும் என்பதும் கணக்கில் வந்திருக்க வேண்டும்.

1969 மே 4. பார்ஸிலோனாவில் மோன்ஜுயிக் குன்றின் பூங்கா ரோடுகளில் ஸ்பானிஷ் க்ராண்ட் ப்ரீ. லோட்டஸ் அணிக்கு இரண்டு பெரிய பெயர்கள், கிரஹாம் ஹில் மற்றும் யோஹன் ரின்ட். ஒரு மேட்டைத் தாண்டும்போது ஹில் காரின் பின் இறக்கை மடங்கியது. கார் தடுப்பில் மோதி உருக்குலைந்தது, ஹில் பிழைத்தார். சில சுற்றுகள் கழித்து, முதலிடத்தில் வந்துகொண்டிருந்த ரின்ட்டின் இறக்கையும் ஏறக்குறைய அதே இடத்தில் மடங்கியது. அவர் கார் போய் மோதியது எதில் தெரியுமா? ஓரமாகக் கிடந்த ஹில்லின் காரில். ரின்ட்டும் உயிர் பிழைத்தார், முகத்தில் காயத்தோடு. பிறகு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, இந்த இறக்கைகளை ஒழித்துக்கட்டுங்கள் என்று கேட்டார்.

இரண்டே வாரத்தில் மொனாக்கோ. வியாழக்கிழமை பிராக்டிஸில் இறக்கையோடு ஓடினார்கள். அன்றைக்கே தடை! அந்த பிராக்டிஸின் நேரங்களையும் ரத்து செய்தார்கள். கம்பத்து இறக்கைகளைக் கழற்றிவிட்டு ஓடிய அந்தப் பந்தயத்தில் ஜெயித்தவர் கிரஹாம் ஹில், மொனாக்கோவில் அவருக்கு அது ஐந்தாவது வெற்றி. பிற்பாடு இறக்கைகள் திரும்ப வந்தன. ஆனால் குள்ளமாக, உடம்போடு ஒட்டி, 'அசையக்கூடாது' என்கிற நிபந்தனையோடு.

ரின்ட் அடுத்த வருஷம் செப்டம்பரில் மான்ஸாவில் பிராக்டிஸ் ஓட்டத்தில் இறந்துபோனார். அன்றைக்கு அவர் ஓட்டிய லோட்டஸில் நேர் ரோட்டு வேகத்துக்காக இறக்கைகளையே கழற்றியிருந்தார்கள். அந்த வருஷத்து உலக சாம்பியன் பட்டம் அவர் இறந்த பிறகுதான் அவரைத் தேடி வந்தது.

இன்னொரு பெயரையும் சொல்லாமல் போக எனக்கு மனசில்லை. 1994-ல் இமோலா என்றால் எல்லோருக்கும் ஸென்னா ஞாபகம் வரும். அதற்கு முந்தின நாள், ஏப்ரல் 30, ரோலண்ட் ராட்ஸன்பெர்கர் என்ற ஆஸ்திரியாக்காரர் தகுதிச் சுற்றில் இறந்தார். முந்தைய சுற்றில் ரோட்டைவிட்டு விலகியதில் அடிபட்டிருந்த முன் இறக்கை, 300 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் முறிந்து காருக்கு அடியில் போய்விட்டது. இறக்கை இல்லாத கார் திரும்பவில்லை. சின்ன அணி, புது டிரைவர்.

எனவே இறக்கை அசையக்கூடாது. சரி. இதில் ஒரே ஒரு சிக்கல்தான். அசையாத பொருள் என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது!

ரயில் நின்றால் தண்டவாளம் வளைகிறது. விமானத்தில் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தவர்கள் இறக்கை நுனி மேலும் கீழும் ஆடுவதைப் பார்த்துவிட்டு ஏர்ஹோஸ்டஸைக் கலவரத்தோடு கூப்பிட்டிருப்பார்கள். எதில் எடை வைத்தாலும் கொஞ்சம் வளையும், எவ்வளவு என்பதுதான் கேள்வி. ஆகவே 'அசையாது' என்று எழுதின அதிகாரிகள், அளந்து பார்க்க ஒரு டெஸ்ட் வைக்க வேண்டியதாயிற்று. காரை ஒரு மேஜைமேல் நிறுத்து, இறக்கையில் இத்தனை கிலோ அழுத்து, இத்தனை மில்லிமீட்டருக்கு மேல் இறங்கினால் ஃபெயில். அந்த நிமிஷத்தில் சட்டம் செத்து டெஸ்ட் பிறந்தது. பத்து மணி போய்ப் பத்து பத்து வந்தது.

டெஸ்ட் நடக்கும்போது கார் நின்றுகொண்டிருக்கும், பந்தயத்தில் ஓடிக்கொண்டிருக்கும். இந்த இடைவெளியில்தான் பாதி ஃபார்முலா ஒன் குடியிருக்கிறது. இதை அழகாகப் பயன்படுத்தியவர் பிரபாம் அணியின் கார்டன் மர்ரே. 1981-ல் ஒரு விதி வந்தது: காருக்கும் தரைக்கும் நடுவே 6 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். ஓடுகிற காரைக் குனிந்து அளக்க முடியுமா? நிற்கும்போது அளந்தார்கள். மர்ரே சஸ்பென்ஷனில் காற்றும் எண்ணெயும் வைத்தார். கார் வேகம் எடுத்ததும் காற்றின் அழுத்தமே அதைத் தரையோடு தாழ்த்திவிடும். எண்ணெய் திரும்பிப் போகிற துவாரம் ரொம்பச் சின்னது, அதனால் வளைவுகளில் வேகம் குறைந்தாலும் கார் சட்டென்று எழும்பாது. பந்தயம் முடிந்து மெதுவாகத் திரும்பி வருகிற சுற்றில் நிதானமாக எழும்பும். அளக்கிறவர் வரும்போது 6 சென்டிமீட்டர்! இன்ஸ்பெக்டர் வருகிற அன்றைக்கு மட்டும் கை கட்டி உட்காருகிற ஐந்தாம் வகுப்பு மாதிரி. அந்த வருஷம் பிரபாமின் நெல்ஸன் பிக்கே உலக சாம்பியன் ஆனார், ஒரே ஒரு பாயிண்ட் வித்தியாசத்தில்.

இறக்கைக்கு வருவோம். இப்போதைய இறக்கைகள் கார்பன் ஃபைபர். இதில் என்ன தந்திரம் என்று தெரிய வேண்டுமானால் கொடியில் கிடக்கும் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். (குளித்துவிட்டு வந்தவரின் இடுப்பிலிருந்து உருவ வேண்டாம்.) நூல் ஓடுகிற திசையில் இழுங்கள், கொடுக்காது. மூலைக்கு மூலை இழுங்கள், இழுத்த இழுப்புக்கு வரும். கார்பன் ஃபைபரும் நூல்தான், பசையில் நனைத்து அடுக்கடுக்காக ஒட்டிச் சுட்டெடுத்த நூல். எந்த அடுக்கில் நூல் எந்தத் திசையில் ஓட வேண்டும் என்பது இன்ஜினீயரின் இஷ்டம். இந்தப் பக்கம் அழுத்தினால் இரும்பாக நில், அந்தப் பக்கத்திலிருந்து காற்று வந்தால் லேசாக முறுக்கிக்கொள் என்று பொருளுக்கே சொல்லிக் கொடுத்துவிடலாம். அமெரிக்கர்கள் 1984-ல் எக்ஸ்-29 என்றொரு விமானத்தைப் பறக்கவிட்டார்கள். இறக்கைகள் முன்பக்கமாகச் சாய்ந்திருக்கும், பார்க்கவே தப்பாக மாட்டிவிட்ட மாதிரி இருக்கும். அந்த இறக்கை காற்றில் முறுக்கிப் பிய்த்துக்கொள்ளாமல் காப்பாற்றியது இந்த அடுக்கு வித்தைதான். கார் பந்தயத்தில் அதே வித்தை, காப்பாற்ற அல்ல, ஜெயிக்க.

2010-ல் இது வீதிக்கு வந்தது. ரெட் புல் கார் நேராக வருகிற போட்டோவைப் பார்த்தவர்களுக்குச் சந்தேகம்: முன் இறக்கையின் இரு நுனிகளும் தரையை முத்தமிடுகிற மாதிரி தாழ்கின்றனவே? ஹங்கேரி தகுதிச் சுற்றில் வெட்டல் முதலிடம், ரெட் புல் இல்லாத அடுத்த கார் 1.2 நொடி பின்னால். இந்த ஆட்டத்தில் அது ஒரு யுகம். டெஸ்ட் செய்தார்கள், பாஸ்! அப்போதைய கணக்கு 500 நியூட்டன், அதாவது ஒரு மூட்டை சிமென்ட்டின் எடை. 10 மில்லிமீட்டருக்கு மேல் வளையக்கூடாது. 50 கிலோ வரை விறைப்பாக நின்றுவிட்டு 51-வது கிலோவில் சல்யூட் அடிக்கிற இறக்கையாக இருந்தால்? எனவே பெல்ஜியம் பந்தயத்திலிருந்து இரட்டிப்பு. 1000 நியூட்டனுக்கு 20 மில்லிமீட்டர். அதிலும் ரெட் புல் பாஸ்! அந்த வருஷக் கோப்பையும் அவர்களுக்கே.

ஆனால் அதே ரெட் புல் 2014-ல் அபுதாபியில் மாட்டியது. முன் இறக்கையின் மடிப்புத் தகடு காற்றில் வளையும்படியே வடிவமைக்கப்பட்டிருக்கிறது என்று ஸ்டூவர்டுகள் கண்டுபிடித்துத் தகுதிச் சுற்றிலிருந்து இரண்டு காரையும் தூக்கிவிட்டார்கள். பிட் லேனிலிருந்து, எல்லோரும் போன பிறகு கிளம்ப வேண்டும். ரிக்கியார்டோ அங்கிருந்து கிளம்பி நான்காவதாக வந்தார், வளையாத இறக்கையோடு! என்னைக் கேட்டால் அந்த அணியின் மானத்தைக் காப்பாற்றியது அவர்தான். இதற்கு எதற்கய்யா அந்தத் திருட்டு வேலை?

2021-ல் முறை மாறி, பின் இறக்கை. ரெட் புல்லின் இறக்கை நேர் ரோட்டில் சாய்கிறது என்று ஹாமில்டன் ஸ்பெயினில் போட்டு உடைத்தார். அதிகாரிகள் புது டெஸ்ட்டோடு பின் இறக்கையில் 12 பொட்டுகள் வைக்கச் சொன்னார்கள். காரிலிருக்கும் கேமரா பின்னால் பார்த்துக்கொண்டே வரும். பொட்டு நகர்ந்தால் இறக்கை சாய்கிறது. நின்றுகொண்டிருக்கும் காரை அளந்து அளந்து ஏமாந்தவர்கள், கடைசியில் ஓடுகிற காரையே அளக்கத் துணிந்தார்கள். இது எனக்குப் பிடித்த கட்டம்.

2024 செப்டம்பர், பாக்கு. மெக்லாரனின் ஆஸ்கர் பியாஸ்ட்ரி முன்னால், ஃபெராரியின் லெக்லேர் முதுகில் ஒட்டிக்கொண்டு பின்னால். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமான நேர் ரோடு இருந்தும் தாண்ட முடியவில்லை, பியாஸ்ட்ரி ஜெயித்தார். இரண்டு நாள் கழித்து எங்கள் செக்ஷன் தம்பி ஒருவன் செல்போனை நீட்டினான்.

"ஸார், இதைப் பாருங்க. பின்னாடி றெக்கையில மேல் தகடு இருக்குல்ல, ஸ்பீடு ஏற ஏற அதோட ஓரம் மெல்லத் தூக்குது பாருங்க. நடுவுல சந்து விழுது. காத்து அது வழியா ஓடிடும். இழுப்பே இருக்காது."

"ஆமாம்ப்பா. அழகா இருக்கே!"

"அழகா? ஃப்ராடு ஸார் இது!"

"டெஸ்ட்ல பாஸ் பண்ணிட்டாங்களே?"

"அதெப்படி ஸார்? கண்ணுக்குத் தெரியுது, வளையுது. சட்டம் வளையக்கூடாதுங்குது. டெஸ்ட்ல பாஸானா சரியாப் போச்சா?"

"நீ ஆபீஸுக்கு எத்தனை மணிக்கு வர்றே?"

தம்பி போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அவன் கேள்வி நியாயமான கேள்விதான். மெக்லாரனும் கிட்டத்தட்ட என் பதிலைத்தான் சொன்னது: எங்கள் இறக்கை எல்லா டெஸ்ட்டும் பாஸ், இருந்தாலும் மாற்றிக்கொள்கிறோம். மாற்றினார்கள். ஜெயித்த பந்தயம் ஜெயித்ததுதான். அந்த வருஷ அணிகளுக்கான கோப்பையையும் 1998-க்குப் பிறகு முதல் தடவையாக மெக்லாரன் வாங்கியது.

2025-ல் அதிகாரிகள் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினார்கள். பின் இறக்கையின் ஓரத்தில் 75 கிலோ அழுத்தினால் அந்தச் சந்து 2 மில்லிமீட்டருக்கு மேல் மாறக்கூடாது என்று ஆஸ்திரேலியாவில் ஆரம்பித்தார்கள். அடுத்த பந்தயம் சீனா. அதற்குள் அதை 0.5 மில்லிமீட்டராக்கி, அவசரம் என்பதால் அங்கு மட்டும் 0.75 என்று தயவு காட்டினார்கள். முன் இறக்கைக்கு ஜூன் மாதம் ஸ்பெயினில் கத்தி விழுந்தது. 1000 நியூட்டனுக்கு 15 மில்லிமீட்டர் என்று இருந்தது 10 ஆயிற்று. மெக்லாரன் இத்தோடு மடங்கிவிடும் என்று காத்திருந்தவர்கள் நிறையப் பேர். பந்தய முடிவு: முதலிடம் பியாஸ்ட்ரி, இரண்டாமிடம் நாரிஸ். இரண்டும் மெக்லாரன்! இத்தனை இறக்கைகளைத் திரும்பச் செய்தது தண்டச்செலவு, எல்லாருடைய இறக்கையும் இன்னும் வளையத்தான் செய்கிறது, பாதி வளைகிறது என்று ஹாமில்டன் சலித்துக்கொண்டார். 2021-ல் புகார் சொன்னவரும் அவர்தான் என்பதை இங்கே மெதுவாக ஞாபகப்படுத்துகிறேன்.

இதில் நான் யார் பக்கம்? இன்ஜினீயர் பக்கம்தான், ஒரு நிபந்தனையோடு. எடையும் ஸ்கேலும் வைத்து அளக்கலாம், எண்ணத்தை அளக்க மெஷின் கிடையாது. 'சட்டத்தின் நோக்கம்' என்று ஆரம்பித்தால் யார் பெரிய அணியோ அவர்கள் நோக்கம்தான் சட்டத்தின் நோக்கமாகும். எண்ணைக் கொடு, எல்லோருக்கும் ஒரே எண்ணைக் கொடு, அப்புறம் கெட்டிக்காரன் பிழைத்துப் போகட்டும். என் நிபந்தனை, அந்த எண்ணைப் பந்தயம் நடுவே ரப்பர் மாதிரி இழுக்கக்கூடாது. எங்கள் செக்ஷனில் ஒருவர் முப்பது வருஷமாகச் சரியாகப் பத்துக்கு வருகிறார். அவருக்கு என்ன கிடைத்தது? எல்லோர் டேபிளிலும் அடிக்கிற போனை எடுக்கிற வேலை. சீசன் நடுவே எல்லையை நகர்த்தினால் அடி விழுவது எல்லையில் நின்றவனுக்கு மட்டுமல்ல, எல்லைக்கு ரொம்ப உள்ளே மரியாதையாக நின்றவனுக்கும்தான். அவன் அந்த ஒன்பது நிமிஷத்தை ஏற்கெனவே இழந்துவிட்டான்.

கடைசியாக ஒரு வேடிக்கை. 2011-லேயே பின் இறக்கையின் ஒரு தகட்டை, முன்னால் போகிற காருக்கு ஒரு நொடிக்குள் நெருங்கியவர் மட்டும், குறித்த இடத்தில் திறந்துகொள்ளலாம் என்று அனுமதித்தார்கள். 2026 விதிகளில் அந்தக் கதவும் முழுசாகத் திறந்துவிட்டது. முன் இறக்கை, பின் இறக்கை இரண்டும் நேர் ரோட்டில் படுத்துக்கொள்ளலாம், வளைவில் நிமிர்ந்துகொள்ளலாம், எல்லாக் காருக்கும். டெக்ஸாஸ்காரர் 1966-ல் இடது காலால் செய்த அதே வேலை, இப்போது சட்டப்படி.

அப்படியானால் அந்த எடை வைக்கிற மேஜையைத் தூக்கிப் போட்டுவிட்டார்களா? மூச்! விதி அனுமதிக்கிற அளவுக்கு அசையலாம். அதற்கு மேல் காற்றில் தானாக ஒரு மயிரிழை அசைகிறதா என்று இப்போதும் எடை வைத்துத்தான் பார்க்கிறார்கள்.